ஏணி சொன்ன ஸ்கோர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்பு, மனசு இரண்டிலும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை. போன ஞாயிறு போனில் நீ கேட்டாய், அம்மா ஏன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல் போனை உங்களிடம் தள்ளிவிடுகிறாள், உடம்புக்கு ஏதாவதா, உங்களுக்குள் சண்டையா என்று. டவர் சரியில்லை, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், என் வாய்தான் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. இது போனில் சொல்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து உனக்குத் தெரிந்ததுதான், முப்பது வருஷம் டாக்டருக்குக் கம்பவுண்டராக இருந்ததில் அவரிடமிருந்து நான் கற்ற ஒரே வித்தை அந்தக் கோழிக் கிறுக்கல். பொறுமையாக எழுத்துக் கூட்டிப் படி. மாப்பிள்ளையிடம் காட்டுவதில் தப்பில்லை, சின்னவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

முதலில் வீட்டு விஷயங்களை முடித்துவிடுகிறேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், இப்போது மேலே காலடிச் சத்தமே இல்லாமல் வீடு ஒரு மாதிரி இருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வாஷரைத்தான் மாற்றினார், நான்காவது தடவை வந்தால் அவரையே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றவில்லை, ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். என் முழங்கால் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. உன் பழைய சைக்கிளைத் தபால்காரர் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன், நீ கோபிக்க மாட்டாய் என்று தெரியும். அவ்வளவுதான் செய்தி. நான் சுற்றி வளைக்கிறேன் என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே நீ என்னை அப்படித்தான் பிடிப்பாய்.

விஷயம் எங்கள் கிளப்பில் ஆரம்பித்தது. கிளப் தொடங்கி நாற்பத்தைந்து வருஷம் முடிகிறது, மலர் ஒன்று போடப் போகிறார்கள். ஆரம்ப கால வரலாற்றை எழுதித் தரச் சொல்லி இப்போதைய செயலாளர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வீடு தேடி வந்தார். முதல் பதினொரு பேரில் இன்று மூன்று பேர்தான் மிச்சம். கோல்கீப்பராக இருந்த தையல்காரருக்குத் தன் மகனையே சில நாள் அடையாளம் தெரிவதில்லை. தபால்காரருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஒரு வரி எழுதச் சொன்னால், ஆயுசு முழுக்க மற்றவர்கள் எழுதியதைச் சுமந்தது போதும், என்னை விட்டுவிடு என்கிறார். மிச்சம் நான். முதல் காப்டனும் நான்தானே என்று செயலாளர் ஐஸ் வைத்தார், நானும் குளிர்ந்து தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. கிளப் பிறந்தது தையல்காரர் கடையின் பின்னறையில். இஸ்திரிப் பெட்டியின் சூடு, வெட்டுத் துணி மூட்டைகள், நடுவில் ஒரு பெஞ்சி, அதில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். டயர் கடைக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் சாயங்காலம் பந்து உதைத்துக்கொண்டிருந்த நாங்கள், ஒரு மழை நாளில் அந்த அறையில் ஒதுங்கியபோது, இப்படி ஒதுங்குவதற்கு ஒரு பெயர் வைத்தால் என்ன என்று வெல்டர் கேட்டார். அதுதான் ஆரம்பம், யாரும் பெரிய லட்சியத்தோடு ஒன்றும் தொடங்கவில்லை. ஜெர்ஸியைத் தையல்காரரே தைத்தார். ஆஸ்பத்திரிக்குச் சீருடை தைத்து மிஞ்சிய வெளிர் பச்சைத் துணிதான் கடையில் இருந்தது. மைதானத்தில் இறங்கியதும் எதிர் அணிக்காரர்கள், ஆபரேஷனுக்கு யாரைப் படுக்க வைக்கணும் என்று கேட்டார்கள். முதல் ஆட்டத்தில் எங்களைத்தான் படுக்க வைத்தார்கள், ஒன்பது கோல். கோல் போஸ்ட்டை வெல்டர் சாரக் குழாயில் அடித்துக் கொடுத்தார். டேப் எடுத்து அளக்காமல் கையை உயர்த்தி அளந்தார், ஒரு பக்கத்துக் கம்பத்தை அளந்த அன்று காலில் செருப்பு, இன்னொரு பக்கத்துக்கு வெறுங்கால். அதனால் ஒரு கோல் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. இரண்டாம் பாதியில் குட்டைக் கோல் எங்களுக்கு வருகிற மாதிரி டாஸில் பார்த்துக்கொள்வோம். இதை ஒரு வருஷம் யாருமே கண்டுபிடிக்கவில்லை. இதையெல்லாம் எழுதி எழுதி அம்மாவிடம் கொடுத்தேன், என் கிறுக்கலை அச்சகத்தில் படிக்க முடியாது என்று அவள்தான் நல்ல நகல் எடுத்தாள். இத்தனை வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் எழுதிய கை, முத்து முத்தாக இருக்கும். செருப்பு விஷயத்தை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததைக் கடைசியாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் பின் வரிசையில் ஒரு தலை மட்டும் எல்லோருக்கும் மேலே ஒரு சாண் நிற்கிறதே, உன் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். எலக்ட்ரீஷியன். தோளில் ஏணியைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் வருவான், ஆனால் பல்பு மாற்றுவதற்கு ஏணியே வேண்டாம், அத்தனை உயரம். யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஏணிதான். எனக்கு அவனைவிட நெருங்கிய சிநேகிதன் அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை. தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பான். உயரத்தில் வருகிற பந்தெல்லாம் அவன் தலைக்குத்தான். மழைக் காலத்தில் அந்தத் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும், நாங்களெல்லாம் ஒதுங்கிக்கொள்வோம், அவன் மட்டும் சிரித்துக்கொண்டே நெற்றியைக் கொடுப்பான். கிளினிக்கில் வேலை பார்த்ததால் கிளப்பில் எனக்கு டாக்டர் என்று பெயர். ஒரு தகரப் பெட்டியில் பஞ்சு, டிங்சர், கட்டுத்துணி வைத்திருப்பேன், யார் விழுந்தாலும் ஓடுவது நான்தான். தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் எங்கள் டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பாகச் சொன்னால் எழுந்திருக்கவே விடமாட்டார், பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே கலங்கியிருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்பார். அதே கேள்வியை மைதானத்தில் கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்குத் தலையில் அடிபடாத அன்றைக்கே கிழமை தெரியாது. பேக்கரிக்காரனிடம் கேட்டால் சம்பள நாளிலிருந்து விரல் விட்டு எண்ணுவான். அதனால் நான் கேள்வியை மாற்றினேன், ஸ்கோர் என்ன என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் ஆடலாம், தப்பாகச் சொன்னால் வெளியே உட்கார வேண்டும். அது எங்கள் கிளப்பின் சட்டமாகிவிட்டது. நான் போட்ட சட்டம்.

இரண்டாவது வருஷம் லீக்கின் கடைசி ஆட்டம். தோற்றால் லீக்கிலிருந்து வெளியே, சமன் செய்தால் பிழைத்துக்கொள்வோம். நல்ல மழை. மாற்றாள் என்று எங்களிடம் இருந்தது தபால்காரர் ஒருவர்தான், அவரும் உள்ளே இறங்குவதற்கு முன்பே, ஓரத்தில் ஓடிப் பார்க்கும்போது கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிஷம் பாக்கி. எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு இரண்டு. உயரத்தில் வந்த பந்துக்கு ஏணியும் எதிர் அணிக்காரர் ஒருவரும் ஒன்றாக எழும்பினார்கள். இரண்டு தலையும் மோதிய சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சேற்றில் உட்கார்ந்திருந்தான், கண் திறந்திருந்தது, காதுக்கு மேல் வீங்கியிருந்தது. ஸ்கோர் என்னடா என்று கேட்டேன். "மூணுக்கு ஒண்ணு. நாமதான்" என்றான். சிரித்தும் காட்டினான். சுற்றி யாரும் இல்லை, மற்றவர்கள் ரெஃபரியிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் கேட்டது. ரெஃபரி வந்து என்ன ஆச்சு என்றார். சரியாச் சொல்லிட்டான், ஆடுவான் என்றேன். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டதும் நான்தான். பத்துப் பேரோடு ஆடினால் தோற்றுவிடுவோம், அவ்வளவுதான் அப்போது என் மண்டையில் இருந்தது. கடைசி நிமிஷத்தில் கார்னர் வந்தது. ஏணி ஓடிப்போய் அதே தலையால் அடித்துக் கோல் போட்டான். இரண்டுக்கு இரண்டு. கிளப் பிழைத்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம்.

பஸ்ஸில் வரும்போது வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றில் ஓடினால் அப்படித்தான் என்று வெல்டர் முதுகைத் தடவிவிட்டார். சாயங்காலம் மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறை, மரப் படி. தாத்தா மில் வேலைக்குப் போய்விட்டார், பாட்டி உன் அம்மாவின் ஏழாம் வயதிலேயே போனவள். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது, கதவருகில் வந்து நின்றாள். அண்ணன் வந்ததும் படுத்தான், சாப்பிடவே இல்லை, எழுப்பட்டுமா என்று என்னைக் கேட்டாள். ஊருக்கே நான் டாக்டர் இல்லையா. களைப்பு, தூங்கட்டும், எழுப்பாதே என்றேன். சொல்லும்போதே அவன் சொன்ன ஸ்கோர் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்கினேன். பயமாக இருந்தது, அதனால்தான் இறங்கினேன். காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள், மூன்றாம் நாள் உடலாகக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடிபட்டதும் ஏதாவது கேட்டாயா, சரியாகச் சொன்னானா என்றார். சரியாகச் சொன்னான் என்றேன். அதற்கப்புறம் அதையே எல்லோரிடமும் சொன்னேன். ஒரு பொய்யைப் பத்துப் பேரிடம் சொன்ன பிறகு அது நம் கையில் இருப்பதில்லை, அம்மாடி. கிளப் அறைச் சுவரில் அவன் படத்தை மாட்டி, ஸ்கோரைச் சொன்னான், கோலைப் போட்டான் என்று பெயிண்டில் எழுதினார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் ஜெர்ஸி கொடுக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். பரிகாரமாகக் கட்டினேன் என்று நினைத்துவிடாதே, அவளைப் பிடித்துத்தான் கட்டினேன், இதை மட்டுமாவது நம்பு. ஆனால் அவள் என்ன சுமந்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியும். அண்ணனை எழுப்பாமல் விட்டது தான்தான் என்பதுதான் அவள் மனசில் உட்கார்ந்த முள். நீங்க பாசத்துல தூங்கட்டும்னு சொன்னீங்க, உங்களுக்கு என்ன தெரியும், பக்கத்தில் படுத்திருந்தவள் நான், மூச்சு மாறினது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும் என்பாள். வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது சமையலைக்கூடப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நீ வயிற்றில் இருந்தபோது, எனக்கு ஒரு உசிரைப் பார்த்துக்கத் தெரியாதே என்று ராப்பகலாக அழுதாள். நான் முதுகைத் தடவி, உன் தப்பு இல்லை, உன் தப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஏன் அவள் தப்பு இல்லை என்பதை மட்டும் சொன்னதில்லை. வாய் வரைக்கும் வந்திருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து காபி போடப் போனதும், சரி, இன்றைக்கு இல்லை என்று இருந்துவிடுவேன். அப்படியே நாற்பத்து நாலு வருஷம்.

மலருக்கான வரலாற்றிலும் பழைய கதையைத்தான் எழுதுவதாக இருந்தேன். போன மாசம் ஒரு சாயங்காலம் போட்டோ எடுக்க மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பயிற்சி ஆட்டத்தில் ஒருவர் தலையில் பந்து பட்டு உட்கார்ந்துவிட்டார், வேன் ஓட்டுகிறவர், இரண்டு குழந்தைக்கு அப்பா. கோச் ஓடிப்போய் மண்டியிட்டு, ஸ்கோர் என்ன என்று கேட்டார். அவர் சரியாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், அவர் எழுந்து ஆடப் போனார். செயலாளர் என் பக்கம் திரும்பி, நம்ம கிளப் வழக்கம் சார், ஏணி காலத்திலேர்ந்து என்று பெருமையாகச் சொன்னார். போட்டோவுக்கு நிற்கவில்லை, மயக்கமாக வருகிறது என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். அவன் ஸ்கோரைத் தப்பாகச் சொன்னான், நான் இறக்கினேன் என்று எழுதினேன். ஆனால் பார், அப்போதும் எனக்குப் புத்தி போகவில்லை. மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்காமலும் போயிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்தத் தாளை மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகி, நகல் எடுக்கிற கட்டோடு மேஜையில் வைத்தேன். நேருக்கு நேர் சொல்லத் தைரியமில்லாமல் பெண்டாட்டிக்குத் தாளில் சொன்ன ஆள் உன் அப்பா. உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், நியாயம்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். நான் ஹாலில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் பேனாச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் சத்தம் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். போய் நின்றேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள், "சத்தத்துல கேக்கலையா, கேட்டுச்சா?" கேட்டுச்சு என்றேன். "என்ன சொன்னான்?" என்றாள். சொன்னேன். அவள் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே அண்ணன் சொன்ன ஸ்கோரை எழுதினாள். பிறகு மிச்சப் பக்கங்களையும் கடைசிவரை எழுதி முடித்தாள், ஒரு எழுத்துப் பிசகில்லை. மூடியைப் போட்டுப் பேனாவை வைத்துவிட்டு, சாதம் வடிக்கப் போனாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாள் எதுவும் பேசவில்லை. சாப்பாடு வரும், மாத்திரை வரும், துவைத்த சட்டை வரும், பேச்சு மட்டும் வராது. ஐந்தாம் நாள் நானே போய் அவள் எதிரில் உட்கார்ந்து, ஏதாவது திட்டிவிடு என்றேன். அன்றைக்கு அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "அவனை உள்ள இறக்கினீங்க, அதைக்கூட விட்டுடலாம். நீங்களும் சின்னப் பையன்தான், ஜெயிக்கணும்னு இருந்தீங்க. நாப்பத்து நாலு வருஷம் நான் எழுப்பலையே எழுப்பலையேன்னு அழுதப்போ பக்கத்துலதானே இருந்தீங்க." அவள் அண்ணனை நான் ஒரு தடவைதான் மைதானத்தில் இறக்கினேன், அவளை ஒவ்வொரு வருஷமும் அந்த மரப் படிக்குமேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மலர் என்ன ஆயிற்று என்று கேட்பாய். செயலாளர் படித்துவிட்டு முகம் வெளுத்துப்போய் வந்தார். இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாம் சார், சுவரில் எழுதி வைத்திருக்கிறோம், இத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது யாருக்கு என்ன லாபம் என்றார். நான் ஆமாம் போட்டுவிடுவேனோ என்னவோ, என்னை நானே நம்ப முடியாது. அம்மா உள்ளிருந்து வந்தாள். அந்தப் பக்கம் வராவிட்டால் எங்கண்ணன் படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுங்கள் என்று அமைதியாகச் சொன்னாள். அவர் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது. கோச்சையும் நேரில் பார்த்துவிட்டேன். இனிமேல் தலையில் அடிபட்டால் ஸ்கோர் கிழமை ஒன்றும் கேட்க வேண்டாம், சரியாகச் சொன்னாலும் வெளியே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். சரி என்றார், முகம் கொடுத்துப் பேசவில்லை. தபால்காரர் மட்டும் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் பிசகாமல் இருந்திருந்தால் நீ அவனை வெளியே எடுத்திருப்பாய் என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. விழா மேடைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன், அவர்களுக்கும் அது நிம்மதியாகப் போயிற்று.

அம்மா அடுத்த மாசம் உன்னிடம் வருகிறாள். நீயாக நல்லபடியாகக் கூப்பிடு, அவள் கேட்டுத்தான் வருகிறாள் என்று காட்டிக்கொள்ளாதே. எவ்வளவு நாள் இருப்பாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேச வேண்டாம். அப்பா பாவம் என்று நீ ஆரம்பித்தால் அவள் அங்கேயும் வாயை மூடிக்கொள்வாள். அவளாக மாமாவைப் பற்றிப் பேசினால் வேலையைப் போட்டுவிட்டுக் கேள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே ஒயர் இழுப்பான், தங்கைக்குத் தலை பின்னி விடுவான், அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், இந்த வீட்டில் அவனைப் பற்றிச் சாவைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் நான் பண்ணிவிட்டேன். அங்கே குளிர் ஜாஸ்தி, காலுறை இல்லாமல் தரையில் நடக்க விடாதே. கண்ணுக்குச் சொட்டு மருந்து காலை இரண்டு, ராத்திரி இரண்டு, அவளாகப் போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் போகும், நீ போட்டு விடு. மாப்பிள்ளை சாப்பாட்டு நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளட்டும். சின்னவளுக்கு என் முத்தங்கள், அவள் விளையாடுகிற பள்ளிக்கூடத்தில் விழுந்தால் அடிபட்டால் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை போய் விசாரித்துவிடு. நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். என் ஆசீர்வாதத்துக்கு எவ்வளவு பலம் என்று தெரியவில்லை, இருப்பதெல்லாம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று, இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். நம் வீட்டில் பகலில் ஒரு ஆள் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று நீ சலித்துக்கொள்வாய். பரீட்சைக்குப் படித்தபடி மேஜையில் சாய்ந்தால்கூட அம்மா வந்து தோளைத் தொட்டு, நீ கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை பேசுகிறவரை நகர மாட்டாள். என்னையும் அப்படித்தான், கட்டிக்கொண்ட நாளிலிருந்து. கண் அசந்து கால் மணி ஆவதற்குள் வந்து எழுப்பி, ஒண்ணுமில்ல, தூங்குங்க என்று சொல்லிவிட்டுப் போவாள். எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் கண் விழித்தபோது அறை இருட்டியிருந்தது. அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறேன், அவள் வந்து எழுப்பவில்லை. இனி எழுப்ப வேண்டியதில்லை என்று அவள் மனசு ஆறிவிட்டதா, இல்லை என்னை எழுப்ப அவளுக்குத் தோன்றவில்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அம்மாடி.

அன்புடன்,
உன் அப்பா